பெப்டைட் சீரம்: தோலுக்குள் என்ன நடக்கிறது, எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

மருந்துக் கடை அலமாரியில் பத்துப் பொருட்களை எடுத்துப் பார்த்தால் நாலில் 'பெப்டைட்' என்று போட்டிருக்கிறது. சீரம், கண்ணைச் சுற்றித் தடவும் க்ரீம், மாய்ஸ்சரைசர் என்று ஆரம்பித்து இப்போது உதட்டுக்குப் பூசுவது வரைக்கும் வந்துவிட்டது. விலையோ சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகிறது. வாங்குபவர்களில் பலரிடம் பெப்டைட் என்றால் என்ன என்று கேட்டால், "ஏதோ கொலாஜன் மாதிரி" என்பார்கள். அதில் பாதி சரி.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்து உருவான நீளமான சங்கிலி. அதே சங்கிலி குட்டையாக இருந்தால் அதற்குப் பெப்டைட் என்று பெயர். பொதுவாக ஐம்பது அமினோ அமிலங்களுக்குள் இருந்தால் பெப்டைட், அதைத் தாண்டினால் புரதம் என்பார்கள். கறாரான கோடு எதுவும் இல்லை. சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் 51 இருக்கிறது. அதை இரண்டு பெயராலும் அழைக்கிறார்கள். முகத்துக்குப் பூசும் பெப்டைட்கள் இதைவிட மிகச் சிறியவை. பெரும்பாலும் மூன்று, நாலு, ஐந்து, ஆறு அமினோ அமிலங்கள்தான். ட்ரைபெப்டைட், டெட்ராபெப்டைட், பென்டாபெப்டைட், ஹெக்ஸாபெப்டைட் என்று லேபிளில் வருவதெல்லாம் இந்த எண்ணிக்கைதான்.

சரி, இந்தத் துணுக்குகளுக்கும் வயதான தோலுக்கும் என்ன தொடர்பு?

தோலின் மேலடுக்குக்குக் கீழே டெர்மிஸ் என்ற தடித்த அடுக்கு இருக்கிறது. தோலுக்கு உறுதி கொடுப்பது இதுதான். இதிலுள்ள தண்ணீரை நீக்கிவிட்டு எடை போட்டால் ஏறத்தாழ முக்கால் பங்கு கொலாஜன் என்ற புரதம்தான். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் இதைத் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. பழையது சிதையும், புதியது வரும். இளமை முடிந்த பிறகு வரவு குறைந்து செலவு கூடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் கொலாஜன் குறைகிறது என்பது 1970களிலிருந்தே சொல்லப்படும் கணக்கு. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் இந்த இறக்கம் இன்னும் வேகமாக இருக்கும்.

வயதைவிட வெயில் மோசம். புற ஊதாக் கதிர் பட்ட சில மணி நேரத்திலேயே கொலாஜனை வெட்டும் நொதிகள் தோலில் பெருகுகின்றன. சந்தேகம் இருந்தால் உங்கள் கையையே பாருங்கள். மேற்கையின் உட்பக்கம், சட்டைக் கைக்குள் எப்போதும் மறைந்திருக்கும் இடம், எப்படி இருக்கிறது? புறங்கை எப்படி இருக்கிறது? இரண்டுக்கும் ஒரே வயதுதான்.

கொலாஜன் குறைகிறது என்றால் கொலாஜனையே பூசிவிட்டால் என்ன என்று தோன்றும். அப்படித்தான் கொலாஜன் க்ரீம்கள் விற்கின்றன. ஆனால் தோலின் வேலையே வெளியில் இருப்பதை உள்ளே விடாமல் தடுப்பது. மேலே இருக்கும் இறந்த செல்களின் அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. இருந்தும் அதைத் தாண்டுவது லேசில்லை. போஸ், மெய்னார்டி என்ற இரண்டு டச்சு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் ஒரு விதியை முன்வைத்தார்கள்: மூலக்கூறின் எடை 500 டால்டனுக்குள் (மூலக்கூறு எடையை அளக்கும் அலகு இது) இருந்தால் அது தோலுக்குள் போக வாய்ப்பு உண்டு, மேலே போகப் போக வாய்ப்பு சட்டென்று குறைந்துவிடும். கொலாஜன் மூலக்கூறு ஒன்றின் எடை சுமார் 3,00,000 டால்டன். அது மேலேயே படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோல் மெத்தென்று இருக்கும், முகம் கழுவினால் போய்விடும். கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் உள்ளே இருக்கும் கொலாஜனோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

பெப்டைட் யோசனை வேறு. பொருளை உள்ளே அனுப்பாமல், தயாரிக்கச் சொல்லும் தகவலை மட்டும் அனுப்புவது. கொலாஜன் சிதையும்போது சிறு துண்டுகள் உதிர்கின்றன. அந்தத் துண்டுகளில் சில, "இங்கே சேதம் நடந்திருக்கிறது, புதிதாகக் கட்டு" என்று ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குத் தெரிவிக்கும் வேலையைச் செய்கின்றன. சுவரிலிருந்து காரை உதிர்ந்து தரையில் கிடப்பதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூப்பிடுவது போலத்தான். பெப்டைட் சீரம் செய்ய நினைப்பது, சுவர் இடியாமலே கொஞ்சம் காரையை முற்றத்தில் போட்டு வைப்பது.

இந்த வழியில் முதலில் கிடைத்தது ஜி.எச்.கே. என்ற மூன்று அமினோ அமிலத் துணுக்கு: கிளைசின், ஹிஸ்டிடின், லைசின். 1973இல் லோரன் பிக்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் மனித ரத்தத்தில் இதைக் கண்டெடுத்தார். அவர் தேடியது சுருக்கத்துக்கு மருந்து இல்லை. வயதானவரின் கல்லீரல் திசுவை இளையவரின் திசுவைப் போல வேலை செய்ய வைக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தில் இருக்கிறதே, அது என்ன என்று தேடிப்போய் இது அகப்பட்டது. செம்பைக் கண்டால் இது விடாது, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். செம்போடு சேர்ந்த இந்த வடிவம் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை அதிகக் கொலாஜன் தயாரிக்க வைக்கிறது என்று 1988இல் பிரான்சில் மாக்கார் குழுவினர் ஆய்வகத் தட்டில் காட்டினார்கள். கடையில் 'காப்பர் பெப்டைட்' என்று விற்பது இதைத்தான். செம்பு இருப்பதால் சீரம் நீலமாக இருக்கும். நீலமாக இருந்தாலே அசல் என்று முடிவு கட்ட வேண்டாம், நீலச் சாயம் மலிவாகக் கிடைக்கிறது.

அடுத்தது இன்னும் சுவாரசியமானது. 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கொலாஜனின் முன்வடிவப் புரதத்திலிருந்து ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை அடையாளம் கண்டார்கள். கே.டி.டி.கே.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். செல்களில் போட்டால் கொலாஜன் உற்பத்தி கூடியது. ஆனால் தோலில் போட்டால் உள்ளே போக வேண்டுமே? எடை 563 டால்டன், எல்லைக்குப் பக்கத்தில்தான். பிரச்சினை எடையைவிட அதன் குணத்தில். அது தண்ணீரோடு சேரும் ரகம். மேல்தோல் அடுக்கில் செல்களுக்கு நடுவில் இருப்பதோ கொழுப்பு.

பிரான்சைச் சேர்ந்த செடெர்மா நிறுவனம் அதன் ஒரு முனையில் பால்மிட்டிக் அமிலத்தை ஒட்டியது. பாமாயிலில் நிறைய இருக்கும் அதே கொழுப்பு அமிலம்தான். இப்போது எடை 802 ஆகிவிட்டது, 500 விதிப்படி பார்த்தால் இன்னும் மோசம். ஆனாலும் கொழுப்பு ஒட்டிய பெப்டைட்தான் ஒட்டாததைவிட நன்றாக உள்ளே போனது. எடை மட்டுமே கதவைத் திறப்பதில்லை, கொழுப்போடு ஒட்டும் குணமும் வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இது மேட்ரிக்ஸில் என்ற வணிகப் பெயரில் 2000ஆம் ஆண்டு வாக்கில் சந்தைக்கு வந்தது. லேபிளில் 'பால்மிடாயில்' என்று தொடங்கும் எந்தப் பெப்டைட்டைப் பார்த்தாலும் இந்தக் கொழுப்பு வால் ஒட்டியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இதை மனிதர்கள் முகத்தில் சோதித்த ஆய்வு 2005இல் வெளியானது. நடத்தியது பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். 35 முதல் 55 வயதுக்குட்பட்ட 93 வெள்ளைக்காரப் பெண்கள், 12 வாரம். முகத்தின் ஒரு பாதியில் சாதாரண மாய்ஸ்சரைசர், மறு பாதியில் அதே மாய்ஸ்சரைசரில் இந்தப் பெப்டைட் சேர்த்தது. எந்தப் பக்கம் எது என்று பூசியவருக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. முகத்தை இரண்டாகப் பிரிப்பது நல்ல உத்தி. ஒரே ஆள், ஒரே தூக்கம், ஒரே சாப்பாடு. வித்தியாசம் வந்தால் அது பூசியதால் மட்டுமே வந்திருக்க வேண்டும். வந்தது. மெல்லிய கோடுகளும் சுருக்கங்களும் பெப்டைட் பூசிய பக்கத்தில் குறைந்தன. ஆனால் குறைந்தது கொஞ்சம்தான். எதிரில் வரும் ஆள் "என்ன, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க" என்று கேட்கும் அளவுக்கு இல்லை.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விவரம் அளவு. பத்து லட்சத்தில் 3 பங்கு பெப்டைட். அதாவது 30 மி.லி. பாட்டிலில் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தகவல் சொல்லும் பொருளுக்கு அவ்வளவு போதும். இதைத் தெரிந்துகொண்டால் லேபிள் படிக்கும் விதமே மாறிவிடும்.

லேபிளில் பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போடுவது வழக்கம். 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். ஒரு பெப்டைட் சீரத்தைத் திருப்பிப் பாருங்கள். முதலில் தண்ணீர், அப்புறம் கிளிசரின், கிளைக்கால் என்ற கரைப்பான் வகையில் ஏதாவது ஒன்று, அப்புறம் ஹயலுரானிக் அமிலத்தின் உப்பு, கெட்டியாக்கும் பொருள், கெடாமல் வைக்கும் பொருள், கடைசிக்குப் பக்கத்தில் பால்மிடாயில் ட்ரைபெப்டைட்-1, பால்மிடாயில் டெட்ராபெப்டைட்-7. மற்ற எந்தப் பொருளாக இருந்தாலும் 'பேருக்குச் சேர்த்திருக்கிறார்கள்' என்று சொல்லிவிடலாம். பெப்டைட்டில் அப்படிச் சொல்ல முடியாது, தேவையான அளவே அதுதான். அதே சமயம் தேவையில் நூறில் ஒரு பங்கு போட்டிருந்தாலும் அது அதே இடத்தில்தான் இருக்கும். லேபிளைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

முன்பக்கத்தில் '10% பெப்டைட்' என்று பெரிதாகப் போடுவதும் இதனால்தான் வசதி. ஆலையிலிருந்து வரும் மூலப்பொருளே தண்ணீரிலும் கிளிசரினிலும் நன்றாகக் கரைத்து நீர்க்கச் செய்த கரைசல். அந்தக் கரைசலில் 10 சதவீதம் சேர்த்தேன் என்பதுதான் பொருள். சுத்தமான பெப்டைட் பாட்டிலில் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைத்து ஒரு பிராண்டின் 5 சதவீதத்தையும் இன்னொன்றின் 10 சதவீதத்தையும் ஒப்பிட்டால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும்.

இன்னொரு வகைப் பெப்டைட் கொலாஜன் பக்கமே போவதில்லை. நெற்றியைச் சுருக்கும்போதும் சிரிக்கும்போதும் விழும் கோடுகளுக்குக் காரணம் தசை இழுப்பு. நரம்பு முனையிலிருந்து ஒரு வேதிப்பொருள் வெளிவந்து தசையைச் சுருங்கச் சொல்கிறது. அதை வெளியே அனுப்பும் பொறியில் ஸ்னாப்-25 என்ற புரதம் ஓர் உறுப்பு. சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசி அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது, தசை தளர்ந்துவிடுகிறது. ஸ்பெயினின் லிப்போடெக் நிறுவனம் உருவாக்கிய ஆர்ஜிரலின், அதாவது அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைட்-8, அந்தப் புரதத்தின் ஒரு முனையைப் போலவே இருக்கும் ஆறு அமினோ அமிலத் துண்டு. போலி உறுப்பாகப் போய் இடத்தைப் பிடித்துக்கொண்டு பொறியைச் சரியாகப் பொருந்த விடாமல் செய்வது யோசனை. 2002இல் வந்த ஆய்வில் 30 நாளில் சுருக்கத்தின் ஆழம் 30 சதவீதம் வரை குறைந்தது என்றார்கள். ஆய்வில் இருந்தவர்கள் பத்துப் பெண்கள்.

பெப்டைட்களிலேயே எனக்கு நம்பிக்கை குறைவானது இந்த ரகம்தான். எடை 889 டால்டன், தண்ணீரோடு சேரும் குணம். அது மேல்தோலைத் தாண்டி, டெர்மிஸைத் தாண்டி, தசையோடு நரம்பு சேரும் இடம் வரைக்கும் போக வேண்டும். போடாக்ஸை மருத்துவர் ஊசியால் குத்தி நேரே தசைக்குள் வைப்பது அதற்காகத்தானே. 'பாட்டிலில் போடாக்ஸ்' என்பது விளம்பரக்காரர் வாய். பாம்பு விஷ க்ரீம் என்று ஒன்று ஓடுகிறதே, அதுவும் இதே குடும்பம். பினாங்கு பாம்புக் கோயிலில் இருக்கும் விரியன் இனத்தின் விஷத்திலுள்ள ஒரு பெப்டைட்டைப் பார்த்து ஆய்வகத்தில் செய்த சின்ன மூலக்கூறு அது. விஷம் ஒரு சொட்டும் கிடையாது.

ஆக, பெப்டைட்டை எங்கே வைப்பது? வயதான தோலுக்கு நிரூபணமான பொருட்களை வரிசைப்படுத்தினால் முதலிடம் சன்ஸ்க்ரீனுக்கு. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 903 பேரை நாலரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். தினமும் பூசச் சொல்லப்பட்டவர்களின் தோல் மூப்பு, விருப்பப்படி பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவு. 2013இல் வெளியான முடிவு இது. அடுத்த இடம் வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாயினுக்கு. 1980களிலிருந்து ஆய்வு மேல் ஆய்வாகத் தேறி வந்தது, மருத்துவர் சீட்டில் எழுதித் தருவது. அதன் தம்பி ரெட்டினால், சீட்டு இல்லாமல் கிடைப்பது. இவற்றின் தொல்லை, தோல் உரிவதும் எரிவதும் சிவப்பதும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இவற்றைத் தொடக் கூடாது.

பெப்டைட்டுக்கு நியாயமான இடம் இங்கேதான் கிடைக்கிறது. ரெட்டினால் ஒத்துக்கொள்ளாத, எதைப் பூசினாலும் எரிகிறது என்கிற தோலுக்கு அது சாதுவான துணை. எரிச்சல் தருவது அபூர்வம். சன்ஸ்க்ரீனும் மாய்ஸ்சரைசரும் ஒழுங்காகப் பூசி, கையில் இன்னும் பணம் மிச்சம் இருந்தால் மூன்றாவதாக வாங்கலாம். சன்ஸ்க்ரீன் இல்லாமல் பெப்டைட் மட்டும் பூசிக்கொண்டு வெயிலில் வண்டி ஓட்டுபவருக்கு நான் என்ன சொல்ல? உள்ளே கட்டச் சொல்லிவிட்டு வெளியே இடிக்க ஆளை விட்டிருக்கிறார்.

நம் ஊர்த் தோலுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் மெலனின் அதிகம், அது வெயிலை ஓரளவு தடுக்கிறது. அதனால் வெள்ளைத் தோலைவிடச் சுருக்கம் தாமதமாகத்தான் வரும். நமக்கு வயது முதலில் காட்டுவது நிற மாற்றத்தில்: கன்னத்தில் மங்கு, கண்ணைச் சுற்றிக் கருமை, பழைய பரு விட்டுப்போன தடம். மேலே சொன்ன 93 பேர் ஆய்வு அளந்தது கோடுகளையும் சுருக்கங்களையும். மங்குக்காகப் பெப்டைட் சீரம் வாங்கினால் பணம் வீண். அதற்கு மருத்துவரைப் பார்ப்பதும், இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்க்ரீன் பூசுவதும் பலன் தரும். மங்கைக் கிளப்பிவிடுவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு உண்டு, அந்த இரும்பு ஆக்சைடு அதையும் மறைக்கும்.

பூசும் முறையில் பெரிய வித்தை இல்லை. முகம் கழுவி, லேசாக ஈரம் இருக்கும்போதே சீரம், அதன் மேல் மாய்ஸ்சரைசர், பகலில் கடைசியாக சன்ஸ்க்ரீன். புதிதாக வாங்கினால் முதலில் சில நாள் முன்கையின் உட்பக்கத்தில் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பர் பெப்டைட்டையும் புளிப்பு அதிகமான வைட்டமின் சி சீரத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பூச வேண்டாம், அந்த அமிலத்தில் செம்பு பிடி விட்டுவிடும். ஆபத்து இல்லை, காசுதான் நஷ்டம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக்கொண்டால் போதும். ஒரே வாரத்தில் முகம் பளபளவென்று தெரிந்தால் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிளிசரினும் ஹயலுரானிக் அமிலமும் செய்த வேலை. கொலாஜன் அவ்வளவு சீக்கிரம் வராது. மூன்று மாதம் பூசிவிட்டு, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த பழைய படத்தையும் புதிய படத்தையும் வைத்துப் பாருங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்றால் அடுத்த பாட்டில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

குடிக்கும் கொலாஜன் பவுடரிலும் 'பெப்டைட்' என்று போட்டிருக்கும். அது வேறு சமாச்சாரம். மீன் அல்லது மாட்டுத் தோலின் கொலாஜனை நொதியால் துண்டாக்கியது. சைவக்காரர்கள் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. 2025இல் 23 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, மொத்தமாகப் பார்த்தால் பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. நிறுவனப் பணம் வாங்காத ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தபோது பலன் காணாமல் போனது.

ஊசி வேறு கிளம்பியிருக்கிறது. காப்பர் பெப்டைட்டைச் சிறு குப்பியில் பொடியாக விற்கிறார்கள், வாங்கி வீட்டிலேயே கரைத்துக் குத்திக்கொள்ளச் சொல்லி வீடியோக்கள் வருகின்றன. குப்பியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். முகத்தில் பூசுவதற்குச் சொன்ன எந்தப் பாதுகாப்பும் இதற்குப் பொருந்தாது. தோல் என்ற தடுப்பையே தாண்டி உள்ளே போகிறது, கிருமி நீக்கம் செய்ததா, குப்பிக்குள் இருப்பது சொன்ன பொருள்தானா, எவ்வளவு என்று எதற்கும் உத்தரவாதம் கிடையாது. யாராவது மலிவாகக் கிடைக்கிறது என்று அனுப்பினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டு வீக்கமோ சிவப்போ காய்ச்சலோ வந்திருந்தால், குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.